சுற்றுவட்டமும் வழியுரிமையும் – ஒரு வரலாற்று நோக்கு

முகவுரை

வாகனம் ஓட்டப் பயில்பவர் முதன்முதலிற் சுற்றுவட்டமொன்றை அணுகும்போது அருகிலமர்ந்திருக்கும் பயிற்றுநர் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வசனத்துள் அடங்கிவிடும். "வலப்பக்கம் பாருங்க தம்பி, வாற வாகனத்துக்கு விடுங்க" என்பதே அது. பயில்பவர் அதனை மனனஞ் செய்து கொள்கிறார். எழுத்துப் பரீட்சையிலும் அவ்வாறே விடையளிக்கிறார். ஆயினும் வலப்பக்கத்தால் வருபவருக்கு மட்டும் ஏன் வழிவிட வேண்டும், வட்டத்துள் நுழையக் காத்திருப்பவருக்கு ஏன் அவ்வுரிமை இல்லை என்ற வினாக்களை அவரும் எழுப்புவதில்லை, பயிற்றுநரும் விளக்குவதில்லை. காரணம் அறியாது மனனஞ் செய்யப்பட்ட விதி, நெருக்கடி நேரத்தில் முதலில் மறக்கப்படும் விதியாகவும் ஆகிவிடுகிறது.

சுற்றுவட்டம் என்னும் அமைப்பும் அதன் வழியுரிமை விதியும் ஒருங்கே தோன்றியவை என்று நாம் எண்ணுவது இயல்பு. வரலாறு அதனை மறுக்கிறது. வட்டம் முதலிற் பிறந்தது. அதற்குரிய விதி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்து சேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் விதியற்ற வட்டம் எவ்வாறு இயங்கியது, விதி வந்த பின் யாது மாற்றம் நிகழ்ந்தது, அவ்வரலாறு கல்முனைக் கரையோர மக்களாகிய எமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையோரத்தின் ஒற்றை வீதி

வீதியைப் பற்றிய ஆராய்ச்சி எமது கரையோரத்திற்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. கிழக்கே கடலும் மேற்கே களப்பும் வயல்வெளியும் எல்லையாக அமைந்த ஒடுங்கிய நிலப்பட்டியில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்கின்றன. ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்குமிடத்தை அயலூரார் கண்டறிவது அரிது. இவ்வூர்கள் அனைத்தையும் மாலையின் நூலென ஊடறுத்துச் செல்வது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ 4 நெடுஞ்சாலையாகும்.

இவ்வீதியின் முக்கியத்துவத்தை அதன் வரலாறு தெளிவுபடுத்துகிறது. மாட்டுவண்டியும் தோணியுமே முன்னைய தலைமுறையினரின் போக்குவரத்துச் சாதனங்களாக இருந்தன. 1924ஆம் ஆண்டு கல்லடிப் பாலம் அமைக்கப்பட்டதன் பின்னரே தெற்கிலிருந்து வரும் வண்டிகள் களப்பைத் தடையின்றிக் கடந்து மட்டக்களப்பு நகரை அடைதல் இயலுவதாயிற்று. 1928இல் மட்டக்களப்பு வரை வந்த புகையிரதப் பாதை அங்கேயே நின்றுவிட்டது. அன்று நின்ற பாதை இன்றுவரை தெற்கே நீளவில்லை. 1958 ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோற்றம் பெற்றபோதும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டபோதும் இக்கரையோரத்தின் போக்குவரத்து முழுவதும் வீதியையே நம்பியிருந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இவ்வூர்களை அழித்த வேளையில் உயிர் தப்பியோர் ஓடியடைந்ததும், நிவாரணம் வந்து சேர்ந்ததும் இவ்வீதியினூடாகவே.

நோயாளியை ஏற்றிய வண்டி, பாடசாலைப் பிள்ளைகள், மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை சுமந்த உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி, தூரப் பயண பஸ் ஆகிய அனைத்தும் இவ்வொரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. காரைதீவிற் சம்மாந்துறை, அம்பாறை நோக்கிய வீதி பிரிவது போன்றும், கல்முனையிற் கிட்டங்கி வழியாக நாவிதன்வெளி நோக்கிய வீதி பிரிவது போன்றும், வீதிகள் சந்திக்குமிடமெங்கும் 'யார் முதலிற் செல்வது' என்ற வினா நாள்தோறும் ஆயிரந் தடவை எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காணும் முறைகளுள் ஒன்றே சுற்றுவட்டம்.

வட்டம் பிறந்த கதை

வீதி நெருக்கடி மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. 1867ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு குதிரை வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட அறியாது முட்டி நின்றதனை ஒன்பது வயதுச் சிறுவனொருவன் தன் தாயோடு வண்டியிலிருந்தவாறே கண்டான். அச்சிறுவனே பிற்காலத்தில் வீதி ஒழுங்கின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கிய வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ. பன்னிரண்டு வண்டிகள் நின்றமைக்கு இடப் பற்றாக்குறை காரணமன்று, ஒழுங்கின்மையே காரணம் என்ற உண்மையை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். 1903இல் நியூயோர்க் நகரம் ஏற்றுக்கொண்ட வாகன ஓட்ட விதிகளை வரைந்தவரும் அவரே. 1905இல் அந்நகரின் கொலம்பஸ் சதுக்கத்தில் வாகனங்கள் யாவும் ஒரே திசையிற் சுற்றிச் செல்லும் முறை அவரது முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய மனிதர் தாம் கார் ஓட்டக் கற்றதேயில்லை என்று கூறப்படுவது சுவையான செய்தியாகும்.

அதே காலப்பகுதியிற் பாரிஸ் நகரின் கட்டடக் கலைஞரான எஜேன் ஏனார், பல வீதிகள் கூடுமிடத்தில் நடுவே மேடையொன்றை அமைத்து வாகனங்களை ஒரு திசையிற் சுழலவிடும் திட்டத்தை முன்வைத்தார். பன்னிரு பெருவீதிகள் கூடும் வெற்றி வளைவுச் சதுக்கத்தில் 1907இல் அம்முறை செயற்படுத்தப்பட்டது. இங்கிலாந்திலே லெச்வொர்த் பூங்கா நகரில் 1909ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் முதலாவது சுற்றுவட்டம் அமைந்தது. தொடக்கத்தில் அவ்வட்டத்தை எத்திசையிற் சுற்றுவதென்ற வரையறைகூட இருக்கவில்லை என்பதும், இடப்பக்கமாகச் செல்லுமாறு பணிக்கும் பலகைகள் பின்னரே நாட்டப்பட்டன என்பதும் மனங்கொள்ளத்தக்கன. சுற்றுவட்டத்தை ஆங்கிலேயர் அக்காலத்திற் 'சர்க்கஸ்' என்ற சொல்லாலும் வழங்கினர். கொழும்பின் 'லிப்டன் சர்க்கஸ்' என்ற பெயரில் அப்பழைய வழக்கு இன்றும் எஞ்சியுள்ளது.

எமது நாட்டின் வீதியொழுங்கு பிரித்தானியரிடமிருந்து பெற்றதாகும். வீதியின் இடப்பக்கமாகச் செல்லவேண்டும் என்பதனை அவர்கள் 1835ஆம் ஆண்டிலேயே தமது நாட்டிற் சட்டமாக்கியிருந்தனர். இலங்கையில் 1902இல் முதலாவது மோட்டார் கார் வந்திறங்கியபோது அவ்வழக்கமே இங்கும் நிலவியது. பின்னர் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் கார்க் கட்டளைச் சட்டமும், அதனையடுத்து 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னையது திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலுள்ளது.

விதியற்ற வட்டம்

வட்டங்கள் பெருகின, ஆயினும் வட்டத்துள் இருப்பவருக்கு முன்னுரிமையா, நுழைபவருக்கு முன்னுரிமையா என்பது நெடுங்காலம் தீர்க்கப்படாதிருந்தது. அக்காலப் பொறியியலாளர், வட்டம் போதிய அளவு பெரிதாயின் விதியே வேண்டியதில்லை என நம்பினர். நுழையும் வாகனமும் வெளியேறும் வாகனமும் வட்டத்தின் நீண்ட வளைவிலே ஒன்றோடொன்று இடம் மாறிப் பின்னிச் செல்லும் என்பது அவர்தங் கோட்பாடு. இதனை அவர்கள் நெசவு என்றே பெயரிட்டழைத்தனர். 1957இல் பிரித்தானிய வீதி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வார்ட்ரொப் என்பார் இந்நெசவுப் பகுதியின் கொள்ளளவைக் கணிக்கும் சூத்திரமொன்றையும் வகுத்தார்.

நெசவு என்ற உவமையின் குறையை மருதமுனையார் எளிதில் உணர்வர். தறியில் ஊடும் பாவும் மோதாமைக்குக் காரணம், மிதியை மிதிக்கும்போது பாவிழைகள் முறைப்படி விலகி ஊடுநூலுக்கு வழிதிறப்பதேயாகும். முறையின்றி இழைகளைத் திணித்தாற் சிக்கல் விளையுமேயன்றிச் சேலை விளையாது. சுற்றுவட்டத்திலோ மிதியும் இல்லை, முறையும் இல்லை. வாகனங்கள் குறைவாக இருந்தவரை சாரதிகள் ஒருவாறு தப்பிச் சென்றனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் வாகனங்கள் பெருகியபோது வட்டங்கள் பூட்டிக்கொள்ளத் தொடங்கின.

பூட்டு எவ்வாறு விழுகிறது என்பதனை விளங்கிக்கொள்வது முக்கியமாகும். நாற்சந்தியொன்றின் நடுவே வட்டம் இருப்பதாகக் கொள்வோம். நுழைபவர் ஒவ்வொருவரும் உள்ளே சுற்றுபவரை நிறுத்திவிட்டுத் தாம் நுழைகிறார். நிறுத்தப்பட்டவர் தாம் வெளியேற வேண்டிய வாயிலை அடைய முடியாது வட்டத்துள்ளேயே நிற்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவரும் நிற்கிறார்; அப்பின்னவரோ மற்றொரு வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். இவ்வாறு வட்டம் நிறைந்ததும் வெளியேற விரும்புபவரும் வெளியேற இயலாது போகிறது. உள்ளே இடமில்லை, உள்ளிருப்பவருக்கு வழியில்லை. பொலிஸார் வந்து ஒவ்வொரு வாகனமாக விலக்கினாலன்றி அப்பூட்டுத் திறவாது.

வலப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாடுகளில் இவ்விடர் இன்னுங் கடுமையாக இருந்தது. பிரான்சிற் பொதுவிதி, வலப்பக்கத்தால் வருபவருக்கு வழிவிடுக என்பதாகும். சொல்லளவில் இது எமது பயிற்றுநர் கூறும் விதியே. ஆயின் அங்கே வட்டம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது; வட்டத்துள் இருப்பவருக்கு வலப்பக்கத்தால் வருபவர் புதிதாக நுழைபவரே. ஆகவே அவ்விதி உள்ளே இருப்பவரை நிறுத்தி வெளியே இருப்பவரை உள்ளே விட்டது. இடப்பக்கமாக ஓட்டும் எமது நாட்டிலோ வட்டம் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. நுழைபவருக்கு வலப்பக்கத்தால் வருபவர் ஏற்கனவே உள்ளே இருப்பவராவார். ஒரே சொற்றொடர் ஒரு நாட்டிற் பூட்டாகவும் மற்றொரு நாட்டிற் சாவியாகவும் அமைந்தமை இதனாலேயே. விதியின் உயிர் 'வலம்' என்ற சொல்லில் இல்லை. உள்ளே இருப்பவரை வெளியேற விடுதல் என்ற கருத்திலேயே உள்ளது என்பது இதனாற் புலனாகும்.

அமெரிக்கர் இவ்விடருக்கு அஞ்சி 1950களிற் சுற்றுவட்டம் அமைப்பதையே பெரும்பாலும் கைவிட்டனர். குற்றம் வட்டத்தினுடையது என அவர்கள் கருதினர். உண்மையிற் குற்றம் விதியினுடையதாக இருந்தது.

1966: விதியின் வருகை

பிரித்தானிய வீதி ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பிராங்க் பிளாக்மோர் என்னும் பொறியியலாளர் இச்சிக்கலை வேறு கோணத்தில் நோக்கினார். வட்டத்தைப் பெருப்பித்தல் பயனளிக்காதெனின், நுழைபவரின் கடமையை வரையறுத்தல் பயன்தரலாகாதா என்பதே அவரெழுப்பிய வினா. நுழைபவர் எல்லைக்கோட்டில் தாமதித்து, வட்டத்துள் வலப்பக்கத்தால் வருபவருக்கு வழிவிட்டு, இடைவெளி கிடைத்ததும் நுழையவேண்டும் என்ற முறை பரீட்சிக்கப்பட்டது. பரீட்சை வெற்றியளிக்கவே, 1966 நவம்பரில் அது பிரித்தானியாவின் பொதுவிதியாயிற்று.

இதன் விளைவு புரட்சிகரமானது எனலாம். உள்ளே இருப்பவர் எப்போதும் வெளியேற முடியுமாதலின் வட்டம் தானே பூட்டிக்கொள்ளும் நிலை நீங்கியது. நீண்ட நெசவு வளைவுகளும் தேவையற்றுப் போயின. பெருவட்டத்தின் தேவை குறையவே, பிளாக்மோர் வட்டத்தைச் சுருக்கத் தொடங்கினார். 1960களின் இறுதியில் வீதியில் வெள்ளை நிறத்தாற் தீட்டிய சிறு வட்டமே போதுமென்ற நிலை உருவாயிற்று. 1972இல் ஸ்விண்டன் நகரில் ஐந்து சிறு வட்டங்களை ஒரு பெருவட்டத்தைச் சூழ அமைத்த விந்தைச் சந்தியும் இவ்வழி வந்ததேயாகும். வட்டம் இப்போது கல்லாலும் சீமெந்தாலும் ஆனதன்று, விதியால் ஆனது என்பதற்கு அச்சிறு வெள்ளை வட்டத்தைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற நாடுகள் மெல்ல மெல்ல இதனைப் பின்பற்றின. பிரான்ஸ் 1983ஆம் ஆண்டின் ஆணையொன்றின் மூலம், அடையாளமிடப்பட்ட வட்டங்களில் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என விதித்தது. ஆயினும் முன்னர்க் குறிப்பிட்ட வெற்றி வளைவுச் சதுக்கத்தில் மட்டும் பழைய விதியே இன்றும் நிலவுகிறது. அங்கே வாகனம் ஓட்டுதல் பிறநாட்டாருக்குப் பெருஞ் சோதனையாக அமைவதும் அதனாலேயே. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு நெவாடா மாநிலத்தின் சமர்லின் என்னுமிடத்தில் புதிய முறையிலான வட்டங்கள் அமைக்கப்பட்டன. அந்நாட்டில் வட்டங்களாக மாற்றப்பட்ட 24 சந்திகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, மொத்த விபத்துக்கள் 39 சதவீதத்தாலும் காயம் விளைக்கும் விபத்துக்கள் 76 சதவீதத்தாலும் குறைந்தன எனக் கண்டது. உயிரிழப்பும் கடுங்காயமும் விளைக்கும் விபத்துக்கள் ஏறத்தாழ 90 சதவீதத்தாற் குறைந்தன என மதிப்பிடப்பட்டது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? சாதாரண நாற்சந்தியொன்றில் வாகனப் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் 32 எனப் பொறியியலாளர் கணித்துள்ளனர். ஒற்றை ஒழுங்கையுடைய சுற்றுவட்டத்தில் அவை 8 மட்டுமே. மேலும் வட்டத்தை அணுகுபவர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். நேருக்கு நேர் மோதலும் குறுக்கே பாய்ந்து மோதலும் அருகி, உராய்தலாகவே விபத்து முடிகிறது. தவறு செய்யாத மனிதன் இல்லை. தவறிழைத்தவன் உயிரோடு வீடு திரும்ப வழிசெய்யும் அமைப்பே சிறந்த அமைப்பாகும்.

விதியின் உட்பொருள்

பயில்பவர் இவ்வரலாற்றை அறிந்த பின் விதியை நோக்கும் முறை மாறுகிறது. அவர் வேகத்தைக் குறைத்து வட்டத்தை அணுகுகிறார். இடப்புறம் திரும்புவதாயின் இட ஒழுங்கையில் இடச் சமிக்ஞையோடு செல்கிறார். வலப்புறம் திரும்புவதாயின் வலச் சமிக்ஞையோடு வட்டத்தைச் சுற்றி, தாம் வெளியேறும் வாயிலை அடுத்ததும் இடச் சமிக்ஞை காட்டுகிறார். இச்சமிக்ஞை வெறும் சடங்கன்று. அடுத்த வாயிலிற் காத்திருப்பவருக்கு, 'நான் வெளியேறுகிறேன், நீர் நுழையலாம்' என்று கூறும் செய்தியே அது. அதனைக் காட்டாது வெளியேறுபவர் தமக்கு எவ்வித இழப்புமின்றி மற்றொருவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்.

ஆயினும் விதியால் விடையளிக்க முடியாத ஒரு நிலையும் உண்டு. நான்கு வீதிகளிலிருந்தும் நான்கு வாகனங்கள் ஒரே கணத்தில் வெற்று வட்டத்தின் எல்லைக்கோட்டை அடைகின்றன எனக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொருவரும் விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றி வலப்பக்கத்தவருக்காகக் காத்திருந்தால் நால்வரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நால்வரும் ஒருங்கே பாய்ந்தாலோ விளைவு கூறவேண்டியதில்லை. யாரோ ஒருவர் கையசைத்து மற்றவரைப் போகச் சொல்வதாலேயே அந்நிலை தீர்கிறது. எழுதப்பட்ட விதி, எழுதப்படாத பண்பொன்றைத் தாங்குதூணாகக் கொண்டே நிற்கிறது என்பது இதன்வழிப் பெறப்படும்.

அப்பண்பு எமது மண்ணுக்குப் புதியதன்று. வாகனத்தில் இருப்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டத்தார் பெருங் கூட்டத்தாருக்கும் முதலில் ஸலாம் கூறவேண்டும் என்பது எமது பிள்ளைகள் மத்ரஸாவிற் கற்கும் ஒழுக்கமாகும். இவ்வொழுங்கில் மேலான நிலையில் இருப்பவர்மீதே முதற் கடமை சுமத்தப்படுவதை நோக்குக. வீதியோரத்தில் அமர்பவர் வீதிக்குச் செலுத்தவேண்டிய கடமைகளையும் நபிமொழி எண்ணிக் கூறுகிறது. அங்கே உரிமை வீதியினுடையது, மனிதனுக்குரியது கடமையே.

வழியுரிமை என்ற சொல்லையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். சுற்றுவட்ட விதி எவருக்கும் 'நீ போ' எனக் கட்டளையிடுவதில்லை. நுழைபவரை நோக்கி 'நீ பொறு' என்றே கூறுகிறது. ஒருவருக்கு வழியுரிமை கிடைப்பது மற்றொருவர் அதனை வழங்கும்போதுதான். வழங்கப்படாதபோது, 'உரிமை என்னுடையது' என்று வாதிட்டு வாகனத்தைச் செலுத்துபவர் நியாயத்தை வென்று உயிரை இழக்கவுங் கூடும்.

முடிவுரை

எமது வயல்களில் ஒவ்வொரு வட்டைக்கும் விதானை ஒருவர் இருந்து நீரை முறைவைத்துப் பகிர்வதை நாம் அறிவோம். சந்தியில் நிற்கும் பொலிஸாரும் சமிக்ஞை விளக்கும் அத்தகைய விதானைகளே. சுற்றுவட்டமோ விதானையின்றி இயங்கும் வாய்க்கால். அங்கே ஒவ்வொரு சாரதியும் தமக்குத் தாமே விதானையாக வேண்டியுள்ளது. அவ்வாறு ஆகாதவிடத்து வலியவன் வாய்க்காலை மறிப்பான்; பஸ்ஸிற்கு அஞ்சி முச்சக்கர வண்டியும், அதற்கு அஞ்சித் துவிச்சக்கர வண்டியும் ஒதுங்கும். வாகனத்தின் பருமனே வழியுரிமையை நிர்ணயிக்கும் அத்தகைய வீதி, விதி தோன்றுவதற்கு முற்பட்ட காலத்துக்கே எம்மை இட்டுச் செல்வதாகும்.

கடலுக்கும் களப்புக்கும் இடையே நெருங்கி வாழும் எமது ஊர்களிற் பெருவட்டங்களை அமைக்க நிலமில்லை. கடைகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீதியின் விளிம்புவரை வந்துவிட்டன. எமக்கு இயன்றது சிறு வட்டமே. வட்டம் சிறுக்கச் சிறுக்க, கல் செய்ய வேண்டிய வேலையை மனிதனின் ஒழுக்கம் செய்ய வேண்டியதாகிறது என்பதே 1966இன் பின்னரான வரலாறு கற்பிக்கும் பாடம். ஆகவே வாகனம் ஓட்டப் பயில்பவருக்கு விதியை மட்டுமன்றி அதன் காரணத்தையும் கற்பித்தல் வேண்டும். "வலப்பக்கம் பாருங்க" என்பதோடு நிறுத்தாது, "உள்ளே இருப்பவர் வெளியேறினாற்றான் நீங்களும் வெளியேறலாம்" என்ற ஒரு வசனத்தையும் பயிற்றுநர் சேர்த்துக் கூறுவாராயின், அறுபது ஆண்டு அனுபவத்தின் சாரம் அப்பயில்பவரைச் சென்றடையும். எல்லைக்கோட்டிற் சில விநாடி பொறுத்து நிற்பவர் தமது உரிமையை இழந்து நிற்கவில்லை. தாமும் பிறரும் வீடு சேர்வதற்கான வழியையே அவர் திறந்துகொண்டிருக்கிறார்.